ஆறு கியர் ஆட்டோமேட்டிக், மூன்று வருடம் ஓட்டிய பிறகு

முன்பு வைத்திருந்தது ஏஎம்டி. அது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்யும், அவ்வளவுதான். ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னால் ஒருமுறை ஆடும். சலித்துப்போய், எஞ்சின் விசையை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு மாறினேன்.

நெரிசலில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊர்கிறது. எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் என்ற விசிறிச் சக்கரம் எண்ணெயை வீச, எதிரில் உள்ள டர்பைன் என்ற இன்னொரு சக்கரம் சுற்றும். திரும்பி வரும் எண்ணெயை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திசை மாற்றிவிடுவதால் புறப்படும்போது இழுவை கூடும். வேகம் பிடித்ததும் லாக்கப் கிளட்ச் இம்பெல்லரையும் டர்பைனையும் ஒன்றாகக் கவ்வ, ஆர்பிஎம் முள் லேசாக இறங்கும். ஏழாவது கியர் ஒன்று இருக்கிறதோ என்று முதலில் ஏமாந்தேன்.

முந்தும்போதுதான் கடுப்பு. அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்புறம் இரண்டு கியர் இறங்கிக் கத்துகிறது.

கியர்பாக்ஸ் எண்ணெய் கதைக்கு வருகிறேன். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்றார் விற்றவர். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை. 60,000 கிலோமீட்டரில், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் சின்ன உதறல். மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டியது கரும்பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தது. தட்டில் இருந்த காந்தங்களில் சாம்பல் நிற மசி. அதை விரலில் தேய்த்துப் பார்த்து, “மாவாட்டம் இருந்தா பரவாயில்ல சார், துண்டு துண்டா கிடந்தாத்தான் வம்பு” என்றார்.

இதில் பிளானட்டரி கியர்கள் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் கொண்டவை) எப்போதும் பல்லோடு பல் கோத்தே இருக்கும். எந்தப் பகுதி சுற்றலாம், எது நிற்க வேண்டும் என்பதைத்தான் கிளட்ச்கள் தீர்மானிக்கின்றன. அவற்றை அழுத்துவது, எண்ணெயைத் தேவையான கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடி வழியாக வரும் இதே எண்ணெய். அது கெட்டால் பிடி நழுவும்.

ஒருமுறை வடித்தால் பாதிகூட வராது. மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றினோம். உதறல் போயே போச்சு.

ஐந்துக்கு நான்கு. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது என்பதற்காகவே ஒரு மார்க் கழித்தேன்: எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் சரியான சூட்டுக்கு வந்ததும் அடியில் பிளக்கைத் திறந்து, ஒழுகுவது சொட்டாக மாறும்வரை காத்திருந்துதான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது.