காக்கர் ஸ்பானியலோடு பல வருடங்கள்

காக்கர் ஸ்பானியல் நாய் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். வீடு பெரிதா சிறிதா என்பதெல்லாம் அப்புறம். புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்பிவிட, வேட்டைக்காரரை விட்டு அதிகம் விலகாமல் வேலை செய்யப் பழக்கிய இனம் இது. அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. எங்கள் காக்கர் சமையலறை, மாடி, குளியலறை வாசல் என்று எங்கே போனாலும் பின்னாலேயே வரும். நாள் முழுக்கத் தனியாக விட்டால் குரைக்கும், கதவைப் பிராண்டும். காலையில் போய் இரவில்தான் எல்லோரும் திரும்பும் வீட்டுக்கு இந்த நாயை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

எங்களிடம் இருப்பது இங்கிலிஷ் காக்கர். அமெரிக்கன் காக்கர் வேறு இனம்; அமெரிக்காவில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1946இல் இங்கிலிஷ் காக்கரைத் தனி இனமாகப் பிரித்தது. அமெரிக்கன் காக்கர் உருவத்தில் சற்றுச் சிறியது, முடி இன்னும் அடர்த்தி, பராமரிப்பும் கூடுதல்.

குழந்தைகளோடு அருமையாகப் பழகும். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: வாயில் கவ்வியதைப் பிடுங்கக் கூடாது. சாக்ஸோ பொம்மையோ, துரத்தித் துரத்திப் பிடுங்கினால் அடுத்த முறை உறுமும். அதற்குப் பிடித்த தீனி ஒன்றை நீட்டினால் தானாகவே போட்டுவிடும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். அதட்டல் இந்த இனத்துக்கு ஆகவே ஆகாது, சுருண்டுவிடும்.

நடைக்குக் கூட்டிப் போனால் மூக்கு தரையை விட்டு எழாது. வால் படபடவென்று அடித்துக்கொள்ளும், திடீரென்று நிற்கும், நாலடி பின்னால் போய் அதே இடத்தை மறுபடி மோந்து பார்க்கும். வாசனை பிடித்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் ஏறாது. அதனால் வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பதில்லை. தினமும் ஒரு மணி நேரமாவது நடை வேண்டும். மழைநாளில் துணிக்கு அடியில் தீனியை ஒளித்துத் தேடவிட்டாலே நன்றாகக் களைத்துவிடும்.

இப்போது காது. இந்த நாயை வளர்ப்பதில் பாதி வேலை அங்கேதான். தொங்கும் மடல் காற்றை அடைத்துவிடுவதால் உள்ளே ஈரம் தங்கி ஈஸ்ட் என்ற பூஞ்சை வளரும். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி மோந்து பார்ப்பேன். வெளிர் இளஞ்சிவப்பாக, வாடை இல்லாமல் இருந்தால் சரி. பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் இருந்தாலோ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தாலோ, மருத்துவரிடம் போய்விட வேண்டும். பழைய சொட்டு மருந்தை நாமாக ஊற்றக் கூடாது, செவிப்பறை கிழிந்திருந்தால் ஆபத்து. மற்ற நாட்களில் நாய்களுக்கான காது கழுவும் திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியைப் பிசைந்தால் 'சளக் சளக்' என்று சத்தம் வரும். அப்புறம் அது தலையை உதற, வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். பட்ஸ் உள்ளே போகவே கூடாது, அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும். குளித்தாலும் நீந்தினாலும் காதைக் காயவைப்பது கட்டாயம். மடலின் உட்பக்க முடியைக் குட்டையாக வைத்ததும் எங்களுக்குத் தொல்லை நன்றாகக் குறைந்தது. வாய் குறுகிய உயரமான கிண்ணம் வாங்குங்கள். மடல் சோற்றில் விழாது.

முடிக்கு மேலாக பிரஷ் ஓட்டுவதில் பயனில்லை. சிடுக்கு தோலை ஒட்டித்தான் கட்டும், காதின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களில். உலோகச் சீப்பு தோல்வரை இறங்க வேண்டும். கருத்தடை செய்த பிறகு எங்கள் நாயின் முடி பஞ்சுபோல அடர்ந்துவிட்டது. இந்த இனத்தில் இது சகஜம்.

சாப்பாட்டு விஷயத்தில் அந்தக் கண்களை நம்பக் கூடாது, எப்போதும் பசி என்றுதான் சொல்லும். ஆண் நாயின் எடை 13 முதல் 14.5 கிலோ. தடவினால் விலா எலும்பு விரலில் பட வேண்டும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் வேண்டவே வேண்டாம்.

குட்டி பார்க்கப் போகும்போது தாயை நேரில் பாருங்கள்; தாய் மிரண்டு ஒதுங்கினால் யோசியுங்கள். பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரைச் சிதைவும், இளம் வயதிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் உண்டு. இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பெற்றோர் இரண்டின் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.