காரைக்குடியை யாரோடு சுற்றலாம்: கைடா, ஆட்டோ அண்ணனா, டவுன் பஸ்ஸா?

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் எந்தப் பழைய செட்டியார் வீட்டைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று நிறைய விசாரிக்கிறார்கள், யாரோடு போவது என்று மட்டும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. கூட வருகிறவர் மாறினால் நீங்கள் பார்க்கிற ஊரும் மாறிவிடும்.

விடுதியில் சொன்னால் கைடு ஏற்பாடு செய்து தருவார்கள். ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள இவரை விட்டால் ஆள் கிடையாது. முகப்பு, வளவு (நடு முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னால் உள்ள கட்டு) என்று வரிசையாகக் கூட்டிப்போய், பர்மா தேக்கு எப்படி வந்தது, சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு ஏன் சேர்த்தார்கள், எந்த அறையில் யார் புழங்கினார்கள் என்று விளக்குவார். இன்னொரு பெரிய வசதி, பூட்டிய கதவு திறக்கும். காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தானில் பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை, கல்யாணம் காட்சிக்குத்தான் எல்லாரும் கூடுவார்கள், மற்ற நாளில் காவலாள்தான். முன்பின் தெரியாத ஆள் போய் நின்றால் திறக்க மாட்டார், கைடு முகத்துக்குத் திறப்பார். ஆனால் கதை பெரும்பாலும் செட்டியார்கள் கடல் கடந்து கொண்டுவிற்க (வியாபாரத்துக்கு) போன காலத்தோடு நின்றுவிடும். இன்றைக்கு அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று நாமாகக் கேட்டால்தான் உண்டு.

ஆட்டோ அண்ணன் நேர் எதிர். கட்டடக் கதையில் தேதி முன்னே பின்னே இருக்கும், அதை அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது. எந்த வீட்டை இப்போது இடிக்கிறார்கள், அதன் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருவில் எந்தப் பழம்பொருள் கடைக்குப் போயிருக்கிறது, வெள்ளைப் பணியாரம் எந்த வீட்டுத் திண்ணையில் சூடாகக் கிடைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாள் வாடகை பேசும்போதே "கடைக்கெல்லாம் வேண்டாம்ணே, ஊரைக் காட்டுங்க, மெதுவாவே போகலாம்" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நாள் பழம்பொருள் கடைகளிலேயே போய்விடும். தனியாகப் போகும் பெண்கள் தங்குகிற இடத்தில் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த வண்டியாகவே எடுப்பது நல்லது.

டவுன் பஸ்தான் இருப்பதிலேயே மெதுவான வழி. வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால் வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டிவரும். இருந்தும் எனக்கு ஊர் நெருங்கி வந்தது இதில்தான். ஆத்தங்குடியில் இறங்கி ஒரு தரைக்கல் பட்டறை வாசலில் நின்று "பார்க்கலாமாண்ணே?" என்று கேட்டேன், "உள்ள வாங்க, கண்ணாடிய மட்டும் தொட்டுராதீங்க" என்றார் பட்டறைக்காரர். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார், அச்சைச் செங்குத்தாகத் தூக்குகிறார், ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, கலவையைக் கொட்டி, கரணையால் வழித்துவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்துவிட்டார். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது, பாலீஷ் கிடையாது. கை ஓடிக்கொண்டே இருக்க, மழை நாளில் காயாமல் வேலை கிடப்பதையும், இந்த வேலைக்குச் சின்னப் பையன்கள் வருவது குறைந்துவிட்டதையும் அவராகவே சொன்னார். நான் கேள்வி எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை. வேலை நடக்கிற இடத்தில் சும்மா நின்றால் பேச்சு தானாக வருகிறது.

சரி, எதை எடுப்பது? ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஆட்டோ, அதில் பாதி நாளை ஆத்தங்குடிக்கும் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிற வீடுகளுக்கும் ஒதுக்குங்கள். இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் பஸ்ஸோ ஆட்டோவோ, கைடு மறுநாள் காலையில், அதுவும் ஒரே ஒரு வீட்டுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊரைப் பார்த்த பிறகு கைடிடம் போனால் கேட்பதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கும், அவரும் மனப்பாடத்தை விட்டுவிட்டு மனம்விட்டுப் பேசுவார்.

அப்புறம் காசு விஷயம். கைடுக்குக் கட்டணம் உண்டு, ஆட்டோவுக்கு வாடகை உண்டு, வேலையை நிறுத்தாமல் நம்மிடம் பேசிய பட்டறைக்காரருக்கும் நெசவாளருக்கும் எதுவும் கிடையாது. முடிந்தால் சேலையைத் தறிக்காரரிடமே நேரடியாக வாங்குங்கள், பேரம் பேசாமல். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.