வெப்மெயிலில் பொது முகவரிப் புத்தகம் காணோமா? பட்டியலை யாரிடமும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நகரச் சிவன் கோவில் அலுவலகத்தில் கணினி வேலைகளை நான்தான் பார்க்கிறேன். சம்பள வேலை இல்லை. வங்கிப் பணியில் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர்கள் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். போன மாதம் அங்கே நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களிடம் கேட்டது 18,500 ரூபாய், கைவிட்டுப் போனது 10,000 ரூபாய். ஆனால் பணத்துக்காக இதை எழுதவில்லை. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

வெளியாட்களுக்காக ஒரு விளக்கம். நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். எங்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோவிலில் ஒரு புள்ளி. எங்கள் ஊருக்கு 638 புள்ளி. அதில் ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் சென்னை, கோவை, பெங்களூர், சிங்கப்பூர், பினாங்கு என்று போய்விட்டார்கள். திருவிழாவோ கும்பாபிஷேகமோ எதுவானாலும் எல்லாப் புள்ளிக்கும் தகவல் போயாக வேண்டும். ஒரு வீடு விட்டுப் போனாலும் வருஷக்கணக்கில் பேச்சாகிவிடும். முன்பு இதெல்லாம் ஒரு தடித்த பேரேட்டில் இருந்தது. 2019இல் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர், வாடகைச் சர்வர் ஒன்றில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயிலை, அதாவது பிரவுசரிலேயே மெயில் பார்க்கும் மென்பொருளை, நிறுவி, பேரேட்டை அப்படியே அதன் முகவரிப் புத்தகத்தில் ஏற்றிக் கொடுத்தார். அலுவலகம், கணக்கு, திருப்பணி, அன்னதானம் என்று நான்கு மெயில் பெட்டி. நான்கிலும் அதே புத்தகம் தெரியும். ஒருவர் போன் நம்பரைத் திருத்தினால் நால்வருக்கும் திருந்தியதே தெரியும்.

அந்தப் பட்டியலில் குறிப்பு என்று ஓர் இடம் உண்டு. "வீடு பூட்டியிருக்கிறது, சாவி மேலத்தெருவில் இன்னாரிடம்" என்று அதில் எழுதிவைத்திருந்தோம். மழையில் ஓடு சரிந்தால், வளவுக்குள் தண்ணீர் இறங்கினால், யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். இந்தக் குறிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பாபிஷேகப் பத்திரிகை அனுப்ப வேண்டிய வாரம் அது. காலையில் அலுவலகப் பெட்டியைத் திறந்து காண்டாக்ட்ஸுக்குள் போனேன். இடது பக்கம் பெர்சனல் அட்ரஸஸ் இருந்தது. அதன் கீழே கலெக்டட் ரெசிபியன்ட்ஸ் என்று முன்பு நான் பார்த்திராத ஒன்று இருந்தது. எங்கள் பொதுப் புத்தகம் இல்லை. புது மெயில் எழுதி, பெறுநர் இடத்தில் மூன்று எழுத்து அடித்துப் பார்த்தேன். எப்போதும் வரிசையாக வந்து விழும் பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. கணக்குப் பெட்டியிலும் அதே கதை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பழைய பேரேட்டில் 2019க்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை.

பராமரிப்புக்கு என்று காரைக்குடியில் ஒரு கணினிக் கடைக்கு வருஷா வருஷம் பணம் கட்டி வந்தோம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கூப்பிட்டதும் அரை மணி நேரத்தில் ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, டேட்டாபேஸ் கரப்ட் ஆயிருச்சு. 500 காண்டாக்டுக்கு மேல போனா இதுக்கு லைசென்ஸ் வாங்கணும். வாங்காததால அதுவே நிறுத்திருச்சு. ரெக்கவரிக்கு 12,000, லைசென்ஸுக்கு 6,500" என்றார். முந்தின நாள் இரவு அவர்கள்தான் வெப்மெயிலைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் கேட்ட பிறகுதான் "அது செக்யூரிட்டிக்காகப் பண்ணது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லண்ணே" என்றார்.

பத்திரிகை போக வேண்டும் என்ற பதற்றத்தில் 10,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். சர்வரில் எதையும் செய்ய உரிமை தரும் ரூட் கடவுச்சொல், அலுவலகப் பெட்டியின் கடவுச்சொல் இரண்டையும் கொடுத்தேன். முப்பது வருஷம் வங்கியில் "கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னவன் நான். அது இன்றுவரை உறுத்துகிறது.

மூன்று நாள் கழித்து ஓர் எக்செல் கோப்பு வந்தது. அவருடைய சொந்த மெயிலிலிருந்து, பூட்டு எதுவும் இல்லாமல். அதில் 412 பெயர்கள். தமிழில் இருந்தவையெல்லாம் கட்டமும் கேள்விக்குறியுமாக இருந்தன. எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று சொல்லாமல், சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பை எக்செலில் திறந்து சேமித்தால் தமிழ் இப்படித்தான் சிதையும். அதைவிடக் கொடுமை, விலாசத்தைப் பெயரிலிருந்து பிரித்து வேறு பத்தியில் போட்டிருந்தார். எங்களிடம் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லை. பாட்டன், அப்பன் பெயர்களின் முன்னெழுத்து. ஒரே பெயரில் ஐந்து பேர் இருக்கும் ஊரில் அந்த முன்னெழுத்தை எடுத்துவிட்டால் யார் எந்த வீடு என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்தக் கோப்பை நான்கு பெட்டியிலும் தனித்தனியே பெர்சனல் அட்ரஸஸுக்குள் ஏற்றிவிட்டு, "சரியாயிருச்சுண்ணே, பாக்கிய அனுப்பிருங்க" என்றார்கள். மிச்சம் 226 புள்ளி எங்கே என்று கேட்டால், "ரெக்கவர் ஆனது அவ்வளவுதான்".

அன்று ராத்திரி சிங்கப்பூர்த் தம்பியைக் கூப்பிட்டேன். முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். வேலையில் இருப்பவரை ஏன் தொந்தரவு செய்வது என்று தயங்கியது என் தப்பு. அவர் முதலில் கேட்டதே, "அண்ணே, யாராவது அப்டேட் பண்ணாங்களா?" என்பதுதான். உள்ளே போய்ப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். 638 பெயரும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடப் போகவில்லை.

நடந்தது இதுதான். ரவுண்ட்கியூப் இயல்பாக ஒவ்வொருவருக்கும் அவரவர் தனிப் புத்தகத்தைத்தான் காட்டும். எல்லாருக்கும் பொதுவான புத்தகம் வேண்டுமென்றால் எல்டேப் (பெயர், முகவரிகளைப் பொதுவில் வைத்துத் தரும் முறை) சர்வருடன் இணைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், போட வேண்டும். எங்களுக்குப் போட்டிருந்தது குளோபல் அட்ரஸ்புக் என்ற பிளகின். அது பெயர்களை ஒரு பொம்மைப் பயனரின் கணக்கில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டும். எந்தெந்தப் பிளகின் ஓட வேண்டும் என்பது அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் பிளகின்ஸ் என்ற வரியில் இருக்கும். கடைக்காரர்கள் புதுப் பதிப்பைப் புது ஃபோல்டரில் இறக்கி, கூடவே வரும் மாதிரி கான்ஃபிக்கை எடுத்து, டேட்டாபேஸ் முகவரியை மட்டும் அதில் ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் எல்லாராலும் உள்ளே நுழைய முடிந்தது, தனிப் புத்தகமும் தெரிந்தது. மாதிரிக் கோப்பின் பிளகின்ஸ் வரியில் ஆர்க்கைவும் ஜிப் டவுன்லோடும்தான் இருக்கும். எங்கள் பிளகின் பழைய ஃபோல்டரிலேயே கிடந்தது. தம்பி அதன் புதிய பதிப்பை எடுத்துப் போட்டு, அந்த வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தார். பக்கத்தை மறுபடி திறந்தேன். எங்கள் புத்தகம் இருந்த இடத்தில் இருந்தது, விலாசங்களோடு.

புதுப் பதிப்புக்கு மாற்றியது தப்பில்லை. அது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் பெரிய ஓட்டை ஒன்றை 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைத்தார்கள். உள்ளே நுழைந்த பயனர் ஒருவர் சர்வரிலேயே தன் இஷ்டத்துக்கு நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை அது. ஆனால் புதுப்பிக்க ஒழுங்கான வழி அந்த மென்பொருளோடே வருகிறது. இன்ஸ்டால்டூ என்ற ஸ்கிரிப்ட், பழைய கான்ஃபிக்கையும் நாம் தனியாகப் போட்ட பிளகின்களையும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றும். அதைச் செய்யாதது அவர்கள் பிழை. பிழையை மறைத்து அதற்கே காசு கேட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த 500 லைசென்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் இதே கதை எடுபடக்கூடாது. ரவுண்ட்கியூப் ஜிபிஎல் உரிமத்தில் வரும் சுதந்திர மென்பொருள். பெயர் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்ற ஒன்றே அதில் கிடையாது. ஓபன்எல்டேப் என்ற எல்டேப் சர்வரில் ஒரு தேடலுக்கு 500 பதிவுகள்தான் திருப்பித் தரும் என்று ஒரு வரம்பு இயல்பாக இருக்கிறது. அதுவும் நிர்வாகி மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்பு, காசு கட்டி வாங்குவது இல்லை. எங்கேயோ காதில் விழுந்த அந்த எண்ணை எல்டேப்பே இல்லாத எங்கள் தலையில் கட்டினார்கள். கலெக்டட் ரெசிபியன்ட்ஸைக் காட்டி "இதுதான் முதலில் மீண்டது" என்றுகூடச் சொன்னார்கள். அது 1.5 பதிப்பிலிருந்து, அதாவது 2021லிருந்து, வரும் வசதி. நாம் மெயில் அனுப்பிய ஆட்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உங்கள் அலுவலகத்தில் இப்படிப் பொதுப் புத்தகம் காணாமல் போனால் முதலில் இன்னொரு பயனரின் பெட்டியில் பாருங்கள். எல்லாருக்கும் காணோம் என்றால் அது அமைப்பில் வந்த கோளாறாகத்தான் பெரும்பாலும் இருக்கும், பெயர்கள் பத்திரமாக இருக்கும். போனில் மட்டும் காணோம் என்றால் அது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். 1.4 பதிப்பில் வந்த எலாஸ்டிக் தோற்றம் சின்னத் திரையில் இடது பட்டியலை ஒளித்துவைக்கும், பின்செல்லும் குறியைத் தட்டினால் வரும். புத்தகம் தெரிகிறது, ஆனால் பெறுநர் இடத்தில் பெயர் வரவில்லையென்றால் அது வேறு அமைப்பு: ஆட்டோகம்ப்ளீட் அட்ரஸ்புக்ஸ் என்ற வரியில் அந்தப் புத்தகமும் இருக்க வேண்டும். எல்டேப் வைத்திருப்பவர்கள், ரவுண்ட்கியூப் ஓடும் பிஹெச்பி மொழியின் பதிப்பை மாற்றிய பிறகு அதன் எல்டேப் நீட்சி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் பெயர் தெரிந்து உள்ளே காலியாக இருந்தால், சர்ச்ஒன்லி என்ற அமைப்பு ஆனில் இருக்கலாம். அப்போது தேடினால்தான் பெயர்கள் வரும். எதுவானாலும் லாக்ஸ் ஃபோல்டரில் எர்ரர்ஸ் என்ற கோப்பின் கடைசி வரிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். யார் கை வைப்பதற்கு முன்னாலும் டேட்டாபேஸுக்கு ஒரு பிரதி எடுத்து, அதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் முதலிலேயே சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தகம் திரும்பி வந்து இரண்டு வாரம் இருக்கும். தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார்கள். "தம்பி, கேமரா மாட்டுறோம்னு காரைக்குடியிலேருந்து வாட்ஸ்அப்ல செய்தி வந்திருக்கு. என் வீடு பூட்டிக் கிடக்குறது அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். செய்தியை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதே கடை. "பூட்டிய வீடுகளுக்குச் சிறப்புச் சலுகை" என்று ஆச்சியின் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் போட்டு வந்திருந்தது. நாங்கள் பட்டியலில் தப்பாக எழுதிய ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதே பிழை அந்தச் செய்தியிலும் இருந்தது. அடுத்த இரண்டு நாளில் சென்னையிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பதினோரு பேர் அதே செய்தியைக் காட்டினார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, வெள்ளிச் சாமான், பெல்ஜியம் கண்ணாடி, தஞ்சாவூர்ப் படம். எந்த வீடு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம், சொந்தக்காரர் எந்த நாட்டில் என்று ஒரே தாளில் எழுதிய பட்டியல் இப்போது ஒரு கடையின் கணினியில் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் எத்தனை போனுக்குப் போயிருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? கேமரா விற்கத்தான் பயன்படுத்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு வந்து போகிற எல்லாரையும் நமக்குத் தெரியுமா?

கடைக்குப் போய்க் கேட்டேன். "பையன் தெரியாம அனுப்பிட்டான், கோப்ப அழிச்சிட்டோம்" என்றார் முதலாளி. 10,000 ரூபாயைப் பற்றிக் கேட்டதற்கு, "வேலை பார்த்தாச்சே" என்றார். பராமரிப்பை அன்றே நிறுத்தினோம். எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினோம். 638 புள்ளிக்கும் நடந்ததை எழுதி, சாவியை வேறு ஆளிடம் மாற்றச் சொல்லியிருக்கிறோம். பட்டியலின் குறிப்பு இடத்திலிருந்து பூட்டு, சாவி பற்றிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அது மறுபடி பேரேட்டுக்கே போய், கோவில் பெட்டகத்தில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று, பட்டியல் வெளியே போனதற்கு சைபர் குற்ற உதவி எண் 1930இலும் சொல்லியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பூட்டிய வீடுகளுக்குச் சிறப்புச் சலுகை" என்ற செய்தி உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். வந்த நாளும் நேரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, கோவில் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.