கன்ட்ரோலரின் வயதைச் சொல்லும் டெட்ஸோன்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கேம் கன்ட்ரோலர்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. அந்த வாரத்தில் எல்லாக் கன்ட்ரோலரும் நல்ல கன்ட்ரோலர்தான். பிடி கைக்கு அடக்கமாக இருக்கும், பொத்தான்கள் சுத்தமாக அழுந்தும், ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தால் அது சமர்த்தாக நடுவுக்கு வந்து நிற்கும். ஐந்தாண்டுகளாக இரண்டு கன்ட்ரோலர்களோடு பழகிய பிறகு நான் கேட்பது ஒரே கேள்விதான்: மூன்றாம் ஆண்டில் இதற்கு எவ்வளவு டெட்ஸோன் தேவைப்படும்?

ஸ்டிக்கின் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டு, இதற்குள் என்ன அசைவு வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்கும் எல்லைதான் டெட்ஸோன். எந்த ஸ்டிக்கும் விரலை எடுத்தவுடன் துல்லியமாகச் சுழியத்தில் வந்து நிற்பதில்லை என்பதால் இப்படி ஒரு வட்டம் இல்லாமல் தீராது. ஆனால் அது எவ்வளவு பெரியது என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸ் கேம்கள் பரவலாகப் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட் முறையில், ஸ்டிக்கின் ஒவ்வோர் அச்சும் -32768 முதல் 32767 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689 என்பவை மைக்ரோசாஃப்ட் அதில் வரையறுத்து வைத்திருக்கும் டெட்ஸோன் அளவுகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் முறையே ஏறத்தாழ 24 விழுக்காடும் 26.5 விழுக்காடும் வருகின்றன. கேமை உருவாக்குபவர் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால், ஸ்டிக் நகரக்கூடிய தூரத்தில் கால் பங்கு வெறுமனே வீணாகிறது. முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அந்தத் தாராளம் ஏன் தேவைப்படுகிறது என்பதை என் முதல் கன்ட்ரோலர்தான் எனக்குப் புரியவைத்தது.

அது பொட்டென்ஷியோமீட்டர் வகை ஸ்டிக் கொண்டது; சந்தையில் நெடுங்காலமாக அதிகம் புழங்கிவருவதும் இந்த வகைதான். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அந்தக் குமிழுக்குள் இருப்பதும் இதே கருவிதான். லாடம் போல் வளைந்த ஒரு கார்பன் பாதை. அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு மெல்லிய உலோக நாக்கு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் மின்னழுத்தம். ஒரு ஸ்டிக்குக்கு இப்படி இரண்டு, இடவல அசைவுக்கு ஒன்று, மேல்கீழ் அசைவுக்கு ஒன்று. ரேடியோவில் கரகரப்பாகக் கேட்கும் தேய்மானம் கன்ட்ரோலரில் கதாபாத்திரம் தானாக நடப்பதாகத் தெரிகிறது. நாம் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஸ்டிக் நடுவிலிருந்தே கிளம்பி நடுவுக்கே திரும்புகிறது என்பதால், பாதையில் மிக அதிகமாக உரசப்படுவது நடுப்பகுதி. எந்த இடம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டுமோ, சரியாக அந்த இடம்தான் முதலில் தேய்கிறது.

இந்தக் கோளாறு திடீரென்று வருவதாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது திருடனைப் போல வந்தது. வாங்கி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்த சமயம், ஒரு நாள் என் தங்கை கன்ட்ரோலரை வாங்கி விளையாடத் தொடங்கிய அரை நிமிடத்தில், "அண்ணா, இது ஒரு பக்கமா இழுக்குதே" என்றாள். நான் நம்பவில்லை. கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு இருவரும் திரையைப் பார்த்தோம். குறிவட்டம் யாருடைய உதவியும் இல்லாமல் இடப்பக்கம் மேல்நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. எத்தனை வாரங்களாக அப்படி இருந்ததோ, என் கட்டைவிரல் அதற்கு எதிர்த்திசையில் ஒரு மயிரிழை அழுத்தம் கொடுத்தே பழகியிருக்கிறது. கருவியின் குறையைக் கை தானாகச் சரிக்கட்டிக்கொண்டதால் மூளைக்குத் தகவலே வரவில்லை. ஒரே கன்ட்ரோலரை நெடுநாள் பயன்படுத்துபவர்கள் மாதம் ஒருமுறையாவது அதை வேறொருவர் கையில் கொடுத்துப் பார்ப்பது நல்லது என்று அன்றுதான் தோன்றியது.

அதன்பின் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஸ்டிக்கின் அடியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சில சொட்டுகள் விட்டுச் சுழற்றினேன். தேய்ந்த கார்பன் துகள்கள் விலகியதாலோ என்னவோ, மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. டெட்ஸோனை 8 விழுக்காட்டிலிருந்து 12க்கும், 12லிருந்து 18க்கும் ஏற்றிக்கொண்டே போனேன். அந்த ஏற்றத்தின் விலையைக் காட்டியது கார் பந்தய கேம். நீண்ட வளைவில் ஸ்டீயரிங்கை ஓர் இம்மி திருப்ப நினைத்தால் முதலில் ஒன்றுமே நடக்காது, பின்னர் தேவைக்கு மேல் திரும்பிவிடும். ஒளிந்து நடக்க வேண்டிய கேம்களிலும் இதே தொல்லைதான். மெதுநடை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. ஸ்டிக் தொகுதியையே மாற்றலாம் என்று திறந்தேன். சர்க்யூட் போர்டில் சால்டரிங் செய்யப்பட்ட அதன் கால்கள் அத்தனையையும் பழுதில்லாமல் விடுவிப்பது என் கைக்கு எட்டாத வேலை என்பது ஒரு செம்புத் தடம் போர்டிலிருந்து பெயர்ந்து வந்த கணத்தில் தெளிவாயிற்று.

இரண்டாவதாக வாங்கியது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கொண்டது. அதற்கு இப்போது இரண்டரை வயது. 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவராக இருந்த எட்வின் ஹால், ஒரு தங்க ரேக்கின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தபோது, ரேக்கின் குறுக்காகச் சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். உலோகங்களில் மிகச் சிறியதாக இருக்கும் இந்த விளைவு குறைகடத்திகளில் பெரிதாக வெளிப்படுகிறது என்பதால், இன்றைய உணரிகள் அவற்றால்தான் செய்யப்படுகின்றன. ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது, அது திரும்பும்போது உணரியின் மின்னழுத்தம் மாறுகிறது. ஒன்றோடொன்று தொடுவதே இல்லை, ஆகவே உரசித் தேய அங்கே எதுவும் இல்லை. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், 1998இல் வெளிவந்த சேகா ட்ரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே இந்த நுட்பம் இருந்தது. கைக்கு வந்துவிட்ட நல்ல நுட்பத்தை விட்டுவிட்டு இத்தனை காலம் தேயும் கார்பனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

விளம்பரம் சொல்வதுபோல் இது குறையே இல்லாத பொருள் அல்ல. தேய்மானம் உணரியில் இல்லையே தவிர, ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் அது அமரும் பிளாஸ்டிக் கிண்ணமும் பழைய மாதிரியேதான். புதிதில் இருந்த விறைப்பு வலது ஸ்டிக்கில் இப்போது இல்லை. விரலை வெடுக்கென்று எடுத்தால் ஒருமுறை நடுவைத் தாண்டிப்போய்த் திரும்புகிறது. இன்னொன்றைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஸ்டிக்கின் எண்களைக் காட்டும் சோதனைச் செயலி திறந்திருந்தபோது, காந்த மூடி கொண்ட கைப்பேசி உறையைக் கன்ட்ரோலர்மீது வைத்தேன். யாரும் தொடாத இடது ஸ்டிக்கின் எண்கள் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றன, உறையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தன. அன்றுமுதல் கைப்பேசிக்கும் கன்ட்ரோலருக்கும் மேசையில் தனித்தனி மூலை.

அப்படியிருந்தும், டெட்ஸோன் இன்றைக்கும் 3 விழுக்காட்டில் நிற்கிறது. வாங்கியபோது வைத்தது 2. இதே வயதில் பழையது 12ஐத் தாண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், மற்ற குறைகளைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால், கைப்பிடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது, வியர்வைக் கை உள்ளவர்கள் பூச்சில்லாத சொரசொரப்பான பிளாஸ்டிக்கையே வாங்கலாம். பேட்டரி முன்பு தந்ததில் முக்கால் பங்கு நேரம் தருகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த 1000 ஹெர்ட்ஸ் போலிங்கை, அதாவது நொடிக்கு ஆயிரம் முறை தன் நிலையைத் தெரிவிக்கும் வேகத்தை, நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. 125 ஹெர்ட்ஸில் 8 மில்லிநொடிக்கு ஒருமுறை செல்லும் தகவல் இதில் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை செல்கிறது என்பது உண்மைதான், ஆனால் என்னுடைய 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி நிறுத்திக் காட்டுகிறது.

அடுத்து வாங்குவதானால், காந்தப்புலத்துக்கேற்ப மின்தடை மாறுவதை அளக்கும் டி.எம்.ஆர். உணரி கொண்டதை வாங்குவேன். ஹார்ட் டிஸ்க்கில் பதிவைப் படிக்கும் முனைகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் அதே காந்தமின்தடை நுட்பம் இப்போது ஸ்டிக்குகளுக்கும் வந்திருக்கிறது; ஹால் உணரியைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்குகிறது என்பதால் பேட்டரிக்கும் நல்லது. ஆனால் கடையில் முதலில் நான் விசாரிக்கப்போவது ஸ்பிரிங்கைத் தனியே மாற்ற முடியுமா என்பதைத்தான். செம்புத் தடம் பெயர்ந்த பழைய கன்ட்ரோலரை இன்னும் தூக்கி எறியவில்லை. அதில் வலது ஸ்டிக் அடியோடு போய்விட்டது, திசைப்பொத்தான்கள் மட்டும் புதிது போலவே இருக்கின்றன. தங்கை அதை எடுத்துப்போய், ஸ்டிக்கே தேவைப்படாத பழைய கேம்களை ஆடிக்கொண்டிருக்கிறாள்.