நார்டன்: நட்சத்திரக் கோட்டைக்குள் தனிப் பயணம்

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள நார்டன் நகரின் வான்வழிப் படத்தைக் கண்டு மயங்கிச் செல்வோர் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: ஆறு முனைகள் கொண்ட அந்த நட்சத்திர வடிவம் தரையில் நிற்பவரின் கண்ணுக்கு முழுமையாகத் தென்படாது. அதை நடந்துதான் அறிய வேண்டும். பேச்சுத் துணையின்றி நடந்தால் இன்னும் நன்றாக அறியலாம் என்பது என் கருத்து.

மதில் என்றதும் நாம் எதிர்பார்க்கும் வானுயர்ந்த சுவர் இங்கே இல்லை. பீரங்கிக் குண்டுகள் உயரமான கற்சுவரை எளிதில் தகர்த்துவிடும் என்பதால், செங்கல் முகப்புக்குப் பின்னே மண்ணைக் குவித்துத் தாழ்வாகவும் அகலமாகவும் அரண் எழுப்பி, அதைச் சுற்றி இரட்டை அகழி வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திரத்தின் முனைகளாக அமைந்த ஆறு கொத்தளங்களும் வெளியே துருத்தி நிற்பதால், ஒன்றின் பக்கவாட்டிலிருந்து சுடுபவர் அடுத்ததன் சுவரோரம் முழுவதையும் காக்க முடியும். நெருங்கி வரும் எதிரிக்கு ஒளிய இடமே கிடைக்காது. புல் படர்ந்த அரணின் மேல் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இங்கிருந்து எதைக் குறிவைத்திருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்தான் இந்நகரின் சுவையே இருக்கிறது. உடன் வருபவர் அவசரப்படுத்தினால் அது கைகூடாது.

இந்த அரண்களுக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 1572 டிசம்பரில் ஸ்பானியப் படையினர் ஊரைக் கொளுத்தி மக்களைக் கொன்று குவித்தனர். பின்னர் பிரெஞ்சுக்காரர் பிடித்த நகரை 1673இல் டச்சுத் தலைவர் மூன்றாம் வில்லியம் மீட்டார். இன்று நாம் காணும் கோட்டை அதன்பிறகு உருப்பெற்றது. 'டர்ஃப்போர்ட்' கொத்தளத்தில் அமைந்த கோட்டை அருங்காட்சியகத்தில் நிலவறைகளும் பீரங்கிகளும் இருக்கின்றன. முதலில் அரணைச் சுற்றிவிட்டுப் பிறகு உள்ளே செல்வதே மேல். வெளியே கண்ட கோணங்களுக்கு அங்கே விளக்கம் கிடைக்கும்.

பெரிய தேவாலயத்தின் மர விதானத்தில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட விவிலிய ஓவியங்களுக்குக் கழுத்து வலித்தாலும் நேரம் ஒதுக்கலாம். செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸின் கல்லறையும் இவ்வூரில்தான் உள்ளது. ஆசிரியப் பணியில் இருப்போர் அதைத் தவறவிட மாட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்திலிருந்து நார்டன்-புஸ்ஸும் நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து கோட்டைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். வழி தட்டையானது என்பதால் சிரமம் இல்லை. ஆனால் இரவு தங்க இவ்வூரை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே நல்ல உணவகங்கள் உண்டு என்றாலும், அவற்றின் மாலை நேரம் குடும்பங்களுக்கும் நண்பர் கூட்டங்களுக்கும் உரியதாகவே தோன்றியது. தனியாக வருபவர் மதிய உணவை அங்கே முடித்துக்கொண்டு, இருட்டுமுன் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பிவிடலாம்.