ஆட்டோடாக் வினா: கிருஷ்ணகிரியில் டெங்கு மருந்து தேடும் ஒரு முனைவர் பட்ட மாணவியின் மதிப்புரை

வைரஸ் எதிர்ப்பு மருந்துகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, வைரஸை வளர்க்கும் ஆய்வகம் இல்லாத ஒரு கல்லூரியில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கு முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் ஆட்டோடாக் வினா என்ற மென்பொருள்தான். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, டெங்கு வைரஸின் புரோட்டியேஸ் நொதியை (வைரஸின் புரதங்களை வெட்டிப் பிரிக்கும் நொதி) தடுக்கக்கூடிய தாவர மூலக்கூறுகளைத் தேடுவது என் ஆய்வு. அதன் பெரும்பகுதியை இந்த மென்பொருளோடுதான் கழித்திருக்கிறேன். ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே, எந்த நிலையில் உட்காரும் என்று இது சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று இது தரும் எண்ணை நம்பி ஒரு ஆய்வேட்டை எழுதிவிடக் கூடாது என்பதே என் மதிப்பீடு. இந்த வேறுபாட்டை யாரும் முதலாண்டில் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகள் புரதத் தரவு வங்கியில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, அதன் குழிக்குள் ஒரு சிறு மூலக்கூறைப் பல விதமாகத் திருப்பியும் மடக்கியும் வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று கணிப்பதே டாக்கிங். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஓலெக் ட்ராட், ஆர்தர் ஓல்சன் ஆகிய இருவரும் உருவாக்கிய வினாவைப் பற்றிய கட்டுரை 2010-இல் வெளிவந்தது. அதே ஆய்வகத்தின் முந்தைய மென்பொருளான ஆட்டோடாக் 4-ஐ விட இது ஏறத்தாழ நூறு மடங்கு வேகமானது என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. 2021-இல் வந்த 1.2 பதிப்பு, ஒரே ஓட்டத்தில் பல மூலக்கூறுகளை வரிசையாகச் சோதிக்கவும், பைத்தான் மொழியிலிருந்து நேரடியாக அழைக்கவும் வழி செய்தது. விலை ஒன்றுமில்லை, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஃபெல்லோஷிப் பணம் எந்த மாதம் வரும் என்று தெரியாமல் வங்கிக் கணக்கைத் திறந்து திறந்து பார்க்கும் ஒருவருக்கு இது சிறிய விஷயமில்லை. ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டிய வணிக மென்பொருள்களை எங்களைப் போன்ற துறைகள் கருத்தரங்குகளில் பார்ப்பதோடு சரி.

இதற்கெனத் தனிக் கணினியும் வேண்டியதில்லை. சாதாரண மடிக்கணினியில், செயலியின் எல்லாக் கோர்களையும் தானாகவே பயன்படுத்திக்கொண்டு ஓடுகிறது. மருந்து போன்ற சிறிய மூலக்கூறு ஒன்றுக்குச் சில நிமிடங்கள் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் கிருஷ்ணகிரியின் பகல் வெயிலில் மடிக்கணினியின் விசிறி இரைகிற இரைச்சலைக் கேட்டால் நீங்களே இரவு நேரத்துக்கு மாறிவிடுவீர்கள். மின்சாரம் நின்றாலும் பெரிய இழப்பில்லை, முடிந்த மூலக்கூறுகளின் கோப்புகள் அப்படியே இருக்கும். செல்களை வளர்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு மின்வெட்டு என்பது இதைவிடப் பெரிய துன்பம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். வினாவுக்கென்று பொத்தான்கள் கொண்ட திரை கிடையாது. கருப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும். அது பழகிவிடும். ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய தயாரிப்புதான் உண்மையான சோதனை. புரதத்திலிருந்து நீர் மூலக்கூறுகளை நீக்கி, ஹைட்ரஜன்களைச் சேர்த்து, பிடிபிக்யூடி என்ற வடிவில் சேமிக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்தும் எம்ஜிஎல்டூல்ஸ் பைத்தானின் பழைய பதிப்பில் எழுதப்பட்டது, அதன் முகமும் அந்தக் காலத்துக் கணினியையே நினைவூட்டும். அதில், வினா தேட வேண்டிய வெளியைச் சுற்றி நாம் வரையும் பெட்டியின் அளவைக் குறிக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே காட்டப்படுவது புள்ளிகளின் எண்ணிக்கை; இரண்டு புள்ளிகளுக்கு இடையே இயல்பாக 0.375 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளி. வினாவோ அளவை நேரடியாக ஆங்ஸ்ட்ராமில் கேட்கிறது. அங்கே 60 என்று இருப்பதை அப்படியே எடுத்து வினாவின் கோப்பில் எழுதினால், 22.5 ஆங்ஸ்ட்ராம் பக்கம் கொண்ட பெட்டி 60 ஆங்ஸ்ட்ராம் பெட்டியாகிவிடும். தேடும் வெளி 27,000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிவிட்டது என்று வினா ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டும், ஆனால் நிற்காது. புதிதாகச் சேரும் மாணவர்களில் பலர் அந்த வரியைப் படிக்காமலேயே கடந்துபோகிறார்கள். இடைவெளியை 1 என்று மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாது.

ஓட்டம் தொடங்கியதும் திரையில் 0 முதல் 100 வரை ஒரு அளவுகோல் தோன்றி, அதன் கீழே உடுக்குறிகள் ஒவ்வொன்றாக நகரும். முடிந்ததும் ஒன்பது வரிகள் கொண்ட ஒரு அட்டவணை வரும். ஒவ்வொரு வரியும் மூலக்கூறு உட்காரக்கூடிய ஒரு நிலை. அதன் பக்கத்தில் மோலுக்கு இத்தனை கிலோகலோரி என்று எதிர்க்குறியோடு ஒரு எண்; எதிர்க்குறிக்குப் பின் உள்ள மதிப்பு எவ்வளவு பெரிதோ, பிணைப்பு அவ்வளவு இறுக்கம் என்பது வினாவின் கணிப்பு. அதையடுத்து, முதல் நிலையிலிருந்து அந்த நிலை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு இரண்டு எண்கள். முதல் வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு எழுந்துவிடுவது எங்கள் வட்டாரத்தில் பரவலான பழக்கம். முதல் மூன்று வரிகளும் 0.1, 0.2 வித்தியாசத்தில் இருந்துகொண்டு குழியின் வெவ்வேறு மூலைகளைக் காட்டினால், வினாவுக்கே முடிவு தெரியவில்லை என்று பொருள். அதைச் சொல்லும் அந்த இரண்டு எண்களை யாரும் பார்ப்பதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். இன்ஃப்ளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் நொதியும் ஒசல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்தும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பை எடுத்து, மருந்தைப் பிரித்து வெளியே வைத்துவிட்டு, மீண்டும் உள்ளே போடச் சொல்லிப் பாருங்கள். அந்த மருந்தின் கார்பாக்சிலேட் முனையை 118, 292, 371 ஆகிய இடங்களில் உள்ள மூன்று ஆர்ஜினின் அமினோ அமிலங்கள் பிடித்திருக்கும். வினா அந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்போது இந்தக் கருவியின் மீது மரியாதை வரும். படிகத்தில் இருந்த நிலைக்கும் கணித்த நிலைக்கும் இடையே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் விலகல் இருந்தால் வெற்றி என்பது இத்துறையின் வழக்கு. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாத டாக்கிங் அத்தியாயத்தை நான் படிப்பதில்லை.

இப்போது அந்த எண்ணைப் பற்றி. வினாவை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் தந்திருக்கும் திட்டப் பிழை, அதாவது கணிப்பு உண்மை மதிப்பிலிருந்து விலகும் வழக்கமான அளவு, ஏறத்தாழ 2.85 கிலோகலோரி. அறை வெப்பநிலையில் சுமார் 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றால் பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு வித்தியாசம், அப்படியானால் 2.85 என்பது நூறு மடங்குக்கும் மேல். எதிர்க்குறி 8.9 பெற்ற மூலக்கூறு எதிர்க்குறி 8.4 பெற்றதைவிடச் சிறந்தது என்று எழுதும் வாக்கியத்துக்கு, ஆகவே, எந்தப் பொருளும் இல்லை. இதில் இன்னொரு சாய்வும் உண்டு. அணுக்கள் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். சுழலும் பிணைப்புகள் குறைவாக இருந்தால் அதற்கும் சலுகை கிடைக்கும். வளையங்கள் நிறைந்த, தட்டையான, ஹைட்ராக்சில் தொகுதிகள் தொங்கும் தாவரச் சேர்மங்கள் எந்தப் புரதத்தில் போட்டாலும் நல்ல எண்ணை வாங்கிவிடுவதன் காரணம் இதுதான். மண்டியில் எடையை மட்டும் பார்த்து மாங்காய்க்கு விலை சொல்வது போன்ற வேலை இது.

மாங்காய் என்றதும் மாஞ்சிஃபெரின் நினைவுக்கு வருகிறது. மா இலையிலும் பட்டையிலும் உள்ள சேர்மம் அது. எங்கள் மாவட்டத்தில் மா இலைக்கு என்ன பஞ்சம்? என் பட்டியலிலும் அது இருந்தது, டெங்கு புரோட்டியேஸில் பார்ப்பதற்கு அழகான எண்ணையும் பெற்றது. பர்கூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா எப்படியோ இதைக் கேள்விப்பட்டு, “ஏம்மா, நம்ம மா எலையிலயே டெங்குக்கு மருந்து இருக்குதாமே, நெசமா?” என்று கேட்டார். இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை, கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் பெரியப்பா என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாஞ்சிஃபெரினை வைரஸோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு மனிதப் புரதத்தில் டாக் செய்தாலும் கிட்டத்தட்ட அதே எண் வந்ததை நான் பார்த்திருந்தேன். இப்படித் தொடர்பில்லாத புரதம் ஒன்றை எதிர்மறைக் கட்டுப்பாடாக வைத்துக்கொண்டால் இத்தகைய மகிழ்ச்சிகள் விரைவில் அடங்கிவிடும். டெங்குவுக்கு ஒப்புதல் பெற்ற நேரடி வைரஸ் எதிர்ப்பு மருந்து உலகில் இன்றும் இல்லை. மடிக்கணினியில் ஓர் இரவில் வந்துவிடும் என்றால் அது எப்போதோ வந்திருக்கும்.

கொரோனா காலத்தில் இந்த எண் எப்படியெல்லாம் ஓடியது என்பது நினைவிருக்கும். 2020 பிப்ரவரியில் சார்ஸ்-கோவ்-2 வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸ் அமைப்பு 6எல்யூ7 என்ற குறியீட்டோடு வெளியானதும், சமையலறையில் உள்ள மஞ்சள் முதல் சுக்கு வரை எல்லாம் அதில் டாக் செய்யப்பட்டன. அந்த அமைப்பில் இருந்த என்3 என்ற தடுப்பான் 145-ஆம் இடத்துச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சகபிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான வேதிப்பிணைப்பு) கொண்டது. வினா தன் வழக்கமான ஓட்டத்தில் சகபிணைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பின்னர் உண்மையிலேயே மருந்தாக வந்த நிர்மட்ரெல்விரும் அதே சிஸ்டீனைச் சகபிணைப்பால் பிடிப்பதுதான். வினாவின் குற்றம் இதில் ஒன்றுமில்லை; கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது.

கொடுத்த அமைப்பு சரியா என்பதையும் அது கேட்காது. டெங்குவில் என்எஸ்3 புரோட்டியேஸ் தனியே வேலை செய்வதில்லை; என்எஸ்2பி என்ற துணைப் புரதத்தின் ஒரு பகுதி அதைச் சுற்றி வளைந்து வந்து, நொதி தன் வேலையைச் செய்யும் குழியான செயல்மையத்தின் ஒரு சுவராக நிற்க வேண்டும். பலரும் எடுக்கும் 2எஃப்ஓஎம் அமைப்பில் தடுப்பான் எதுவும் இல்லை, அந்தச் சுவரும் விலகி நிற்கிறது. தடுப்பானோடு கிடைத்த 3யூ1ஐ அமைப்பில் அது மூடியிருக்கிறது. ஒரே மூலக்கூறுக்கு இவ்விரண்டிலும் இரு வேறு நிலைகள் கிடைக்கின்றன, இரண்டையும் வினா அதே தன்னம்பிக்கையோடு அட்டவணையாகத் தருகிறது. 3யூ1ஐ-யில் உள்ள தடுப்பானும் எளிதானதல்ல: நீண்ட பக்கச் சங்கிலிகள் கொண்ட நான்கு அமினோ அமிலப் பெப்டைடு அது, 135-ஆம் இடத்துச் செரினைப் பிடிக்கும் ஆல்டிஹைடு முனையும் அதற்கு உண்டு. சுழலும் பிணைப்புகள் இவ்வளவு இருந்தால் தேடலின் தீவிரத்தை இயல்பான 8-இலிருந்து 32-க்கோ அதற்கு மேலோ உயர்த்தினாலும் மறுடாக்கிங், அதாவது மேலே சொன்ன, பிரித்தெடுத்து மீண்டும் உள்ளே போடும் சரிபார்ப்பு, தடுமாறும்.

மருந்தின் உருவத்தையும் நாம்தான் சரிபார்க்க வேண்டும். டாமிஃப்ளூ மாத்திரையில் இருக்கும் ஒசல்டமிவிர் ஓர் எஸ்டர். கல்லீரலில் அது கார்பாக்சிலேட்டாக மாறிய பிறகே நியூராமினிடேஸைப் பிடிக்கிறது. ரெம்டெசிவிர் செல்லுக்குள் போய் ட்ரைபாஸ்பேட்டாக மாறிய பிறகே ஆர்என்ஏ பாலிமரேஸில் வேலை செய்கிறது. குப்பியில் இருக்கும் வடிவத்தை அப்படியே டாக் செய்து, ஒப்பீட்டு மருந்தை என் சேர்மம் வென்றுவிட்டது என்று எழுதிய அத்தியாயங்களை நான் பார்த்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்கும் புறத்தேர்வாளர் வந்தால் அன்றைக்கு இனிப்பு வாங்கி வைத்ததற்குப் பலன் இருக்காது.

ஆகவே வினாவோடு நின்றுவிட முடியாது. அது தந்த நிலை நீரிலும் வெப்பத்திலும் நிலைக்கிறதா என்று பார்க்க அணுக்களின் அசைவைக் கணினியில் கணிக்கும் மூலக்கூறு இயக்கவியலை ஓட்ட வேண்டும். அதற்கு நல்ல கிராபிக்ஸ் அட்டை கொண்ட கணினி வேண்டும், நானும் அதற்காகப் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறேன். பிறகு நொதிச் சோதனை. அதில் டிரைட்டான் என்ற சோப்புப் பொருளைச் சிறிது சேர்த்ததும் தடுப்பு மறைந்துவிட்டால், உங்கள் சேர்மம் திரண்டு கட்டியாகி நொதியை விழுங்கியிருக்கிறதே தவிரச் செயல்மையத்தைத் தொடவில்லை. அதையும் தாண்டியவைதான் வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) வைரஸோடு சோதிக்கத் தகுதி பெறும். அங்கே வைரஸைத் தடுக்கும் செறிவும் செல்லைக் கொல்லும் செறிவும் ஒன்றாகவே இருந்துவிட்டால் கதை முடிந்தது. இந்த வரிசையில் வினா செய்வது முதல் சல்லடை வேலை. ஆயிரம் மூலக்கூறுகளை ஐம்பதாகக் குறைக்க அது போதும், ஐம்பதில் எது முதலிடம் என்று சொல்ல அது போதாது.

ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன, 1.2 பதிப்போடு வரும் பயிற்சிகளும், தயாரிப்புக்கு மீகோ என்ற புதிய கருவியும் பழைய எம்ஜிஎல்டூல்ஸ் தொல்லையைப் பெருமளவு குறைத்துவிட்டன. தமிழில் ஒழுங்கான வழிகாட்டி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று தயாரிப்புச் சிக்கலுக்காகவும், அந்த எச்சரிக்கை வரி போதிய சத்தத்தோடு கத்தாததற்காகவும்.

நிறுவப்போகிறவர்கள் நேராக 1.2 பதிப்பையே எடுங்கள். துறையில் மூத்தவர்கள் யாராவது பழைய 1.1.2-இல் ஓட்டிய எண்களைத் தந்தால், அவற்றை உங்கள் அட்டவணையில் கலக்காமல் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிவிடுங்கள். பெட்டியின் மையம், அளவு, தேடல் தீவிரம், சீட் எண் (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) ஆகிய நான்கையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குறித்து வையுங்கள். தேடல் தற்செயல் எண்களைக் கொண்டு நடப்பதால், சீட் எண் இல்லாமல் உங்கள் முடிவை உங்களாலேயே திரும்பப் பெற முடியாமல் போகலாம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.