ஏவிஎன் இடுப்பு வலி: அறுவை சிகிச்சை இல்லாமல் ஓட்டியதில் எது கைகொடுத்தது

இடுப்பு மூட்டில் பொருந்தியிருக்கும் தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவதுதான் ஏவிஎன் என்கிற அவாஸ்குலர் நெக்ரோசிஸ். மதுவும் ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள், எனக்கு ஸ்டீராய்டு. கவட்டையிலும் முழங்காலிலும் வலித்ததால் இடுப்பை யாரும் சந்தேகிக்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுத்தது. அதாவது முதல் நிலை. பந்து நசுங்கிச் சரிந்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது.

வலி மாத்திரை சீக்கிரம் கேட்கும், தொல்லையும் அதுதான். வலி இல்லாத தைரியத்தில் காலுக்கு அதிக வேலை கொடுத்துவிடுவோம். இபுப்ரோஃபென் வகை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும் என்பதால், மோசமான நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அலெண்ட்ரோனேட் என்கிற, எலும்பு கரைவதைக் குறைக்கும் மாத்திரை, வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் சாப்பிடவோ படுக்கவோ கூடாது, உணவுக்குழாய் புண்ணாகலாம். அரிதாகத் தாடை எலும்பைப் பாதிக்கும் என்பதால் பல் பிடுங்கும் வேலையை முன்பே முடித்துவிடுவது நல்லது. 2005-இல் தைவானில் வெளியான சிறு ஆய்வு பந்து சரிவதை இது தடுக்கிறது என்றது. 2012-இல் அங்கிருந்தே வந்த ஆய்வு பலன் இல்லை என்றது. எனக்கு வலி கொஞ்சம் அடங்கியது, ஆனால் மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை செய்யும்போதே வலித்தது. பிறகு வந்த இதமும் நிலைக்கவில்லை. அழுத்த அறையில் ஆக்சிஜன் சுவாசிக்கும் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் நடையாய் நடக்க வேண்டும் என்பதால் வேண்டாமென்றுவிட்டேன்.

என் ஓட்டு கைத்தடிக்கு. வலிக்கிற பக்கம் அல்ல, எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நடையில் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், இடுப்பு சாயாமல் பிடிக்கும் தசைகளின் இழுப்பும் சேர்ந்து, மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு பாரம் விழும். எதிர்க் கை ஊன்றினால் அந்தத் தசைகளுக்கு வேலை குறைகிறது. எடையைக் குறைத்தால் மூட்டுக்கு அதே மடங்கில் லாபம். 'இந்த வயதில் தடியா' என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பிசியோதெரபியில் தண்ணீருக்குள் செய்த பயிற்சி மட்டும்தான் மறுநாள் வலியைக் கிளப்பவில்லை.

இப்போது படி ஏறும்போதுதான் வலி. அதை வைத்து எலும்பு பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாதாம். அதனால் இடைவெளி விட்டு எக்ஸ்ரே எடுக்கிறோம். பந்து சரியத் தொடங்கியதன் அடையாளமாகப் பிறைபோலக் கோடு தெரிந்தால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று மருத்துவரோடு ஏற்பாடு. எம்ஆர்ஐ எடுக்கும்போது மறு இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இது பல பேருக்கு இரண்டு பக்கமும் வரும். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.